எல்லாப் பெயரும் விடாமல் வரவும்

மதுரை செல்லூரில் நான் ப்ளெக்ஸ் கடை வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பால்காய்ச்சு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருமுனைக்குப் போகும். என் வீட்டுக்காரர் சட்டம் அடித்துக் கயிறு கட்டி நிறுத்துவார். முகத்தை வெளுப்பாக்குவது, இல்லாத முடியை முளைக்க வைப்பது, கோர்ட்டில் கேஸ் நடத்தும் அண்ணன் தம்பியை ஒரே படத்தில் சிரிக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ப்ளெக்ஸ் என்பது வெறும் அறிவிப்பு இல்லை. யாருக்கு யார் வேண்டியவர் என்பதை ஊர் பார்க்க எழுதிவைக்கிற பத்திரம். நடுவில் விழா நாயகர், மேலே பெரிய தலைகள், கீழே வரிசையாகச் சின்னத் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் கீழே பெயர். அந்தக் கீழ் வரிசையில்தான் அத்தனை வம்பும். ஒரு முறை வாடிப்பட்டிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேன். பட்டியலில் இருந்தது, தப்பு என்னுடையதுதான். அந்த மனிதர் காலைப் பந்தியில் பாதி இலையோடு எழுந்து, கொண்டுவந்த சீர்த்தட்டைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சமாதானம் பேசி அழைத்துவருவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து பட்டியலை மூன்று தடவை சரிபார்க்காமல் எதையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

இதை முதலில் சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்த மனிதர் ஜெயித்தது எங்கள் ஊரின் இந்தப் பெயர்ப் பைத்தியத்தை வைத்துத்தான்.

அவர் எங்கள் பகுதிக்கு ஒரு நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடை, சலூன், மாவு மில், ரேஷன் கடை வாசல் என்று எங்கே பார்த்தாலும் கிடக்கும். இலவசம். ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர், கட்டுக்கட்டாக மொபெட்டில் வைத்துப் போடுபவர் எல்லாம் அவரே. எழுபதைத் தொட்ட சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் எங்களைவிட அசல் மதுரைப் பேச்சு. அவர் பத்திரிகைக்குப் பக்கம் போட்டுத் தருவதும் நான்தான். புதன்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோழி கிளறினாற்போல் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். அவர் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவரும் நானும். சில நாள் அவருக்கே தெரியாது, என்னைத்தான் கேட்பார்.

முதல் பக்கத்தில் வராத தண்ணீரும் வருகிற சாக்கடையும். இரண்டாம் பக்கம் கோயில், பள்ளிவாசல், சர்ச் செய்திகள். நாலாம் பக்கம் முழுக்க விளம்பரம். அவரை நான் மதிக்கிறேன் என்றால் அது மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதிக்காக. அதற்கு அவர் வைத்த தலைப்பு “புதுசா வந்தவுக”. தறிப் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியபோது ஆரம்பித்தது. எங்களுக்கு அத்தனை பேரும் “இந்திக்காரங்க”. அவர் மட்டும் ஊர், மாவட்டம் விசாரித்து எழுதுவார். “ஒடிசா கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வந்து மூன்றாவது சந்தில் குடியிருக்கும் தம்பதிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.” “பீகார் தர்பங்காவைச் சேர்ந்த சித்தாள் ஒருவர் கண்மாய்ச் சேற்றில் சிக்கிய மாட்டை இறங்கித் தூக்கினார். மாட்டுக்காரர் நன்றி சொல்லும்படி நம்மிடம் கேட்டுக்கொண்டார்.” எல்லாம் இப்படி இரண்டு மூன்று வரிகள்தான்.

எனக்கு ஆரம்பத்தில் இது புரியவில்லை. புரியாவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

“ஏண்ணே, இதத் தமிழ்ல போட்டு என்னத்துக்கு? அவுகளுக்கு வாசிக்கவா தெரியும்?” என்று கேட்டேன்.

“அவுகளப் பத்தி அவுகளுக்குத் தெரியாதா? தெரியாதது நமக்குத்தானம்மா” என்றார். “இது ஒங்களுக்குப் போடுறேன்.”

பிறகு நான் கேட்கவில்லை. பத்திரிகைக்குள் அவர் கருத்து என்று ஒரு வரிகூட எழுதமாட்டார். இன்னார் பிறந்தார், இன்னார் வந்தார், இன்னார் கையை மெஷினில் விட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் போகலாம். அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டுப் பழம் வாங்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் ஏன் போனோம் என்று தெரிந்திருக்காது.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில் விடுதியில், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். இங்கே அவருக்கு இருந்தது ஒரு தம்பி மட்டும். அண்ணனைத் தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு, மறுநாள் அந்தத் தம்பி ஊருக்கு ரயில் ஏற வேண்டும். பத்திரிகைக்காரர் என் கடைக்கு வந்து அந்த வாரப் பத்திரிகையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போடச் சொன்னார். எங்கள் ஊர் அஞ்சலியில் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், பங்காளிகள், மாமன் மைத்துனர்கள் என்று பத்து வரியாவது வரும். இதற்கு யாரைப் போடுவது என்று கேட்டேன். “செல்லூர் மக்கள்னு போடு” என்றார். யாரைக் கேட்டுப் போடுவது என்று கேட்டேன். “நீ செல்லூர்தான? நான் செல்லூர்தான? ரெண்டு பேரு போதும்” என்றார். அந்தத் தம்பி பத்திரிகையில் இருபது பிரதி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினார். அண்ணனுக்காக ஒரு ஊரே அழுதது என்று தாயிடம் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீடும் கடையும் கீழே, மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன் உண்டு. அதில் ஆறு வருடமாக ஒரு ஒடிசாக் குடும்பம் இருக்கிறது. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மனைவி அப்பளக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறார். ஒரே மகள். அவர்களை என்னிடம் குடிவைத்ததும் பத்திரிகைக்காரர்தான், அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான். தமிழே தெரியாத பிள்ளையை நாலாம் வகுப்பில் எப்படிச் சேர்ப்பது என்று பள்ளியில் தயங்கினார்கள். “பிள்ளையச் சேத்துட்டு ஒரு வருசம் பொறுங்க. வரலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். கூட்டிக்கொண்டு போகும் வேலை வரவில்லை. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. தமிழில் என் அக்கா பேரனைவிட மார்க் அதிகம். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கரண்டு அட்டையிலிருந்து மாத்திரைச் சீட்டுவரை எல்லாம் அவள் வாசித்தால்தான் பெற்றவர்களுக்குத் தெரியும்.

போன தை மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு செயின் பறிப்பு நடந்தது. பறித்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். ஹெல்மெட்டுக்குள் இருந்தவன் வடக்கத்திக்காரன் என்று யாருக்கு எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே எங்கள் தெரு நலச் சங்கத்தின் மாதக் கூட்டம். மண்டப மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி, பருப்பு வடை, டீ. தலைவர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், மைக் கையில் இல்லாதபோது. அன்று இரண்டு தீர்மானம் போட்டார்கள். முதலாவது, நமது பகுதியின் பெருமையான பத்திரிகை வெள்ளி விழா காண்பதால் அதன் ஆசிரியருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பாராட்டு விழா எடுப்பது. இரண்டாவது, பாதுகாப்பு கருதி வடமாநிலத்தவருக்கு யாரும் வீடு வாடகைக்கு விடக்கூடாது, ஏற்கெனவே இருப்பவர்கள் மாசி கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆகாது என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. மினிட்ஸ் நோட்டு கைமாறி வந்தது. என் முறை வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் என் கடைக்கு ப்ளெக்ஸ் போட வருகிறவர்கள். அது ஒரு காரணம். உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது. எனக்கு முன்னால் பத்துப் பேர் போட்டிருந்தார்கள், பேனா கைக்கு வந்தது, போட்டேன். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் வீடு தேடி அலைந்திருக்கிறோம். பெயரைச் சொன்னதும் “பாய் வீட்டுக்காரங்களா, வீடு இப்பத்தான் முடிஞ்சுச்சு” என்று கதவுக்குப் பின்னாலிருந்து எத்தனை தெருவில் கேட்டிருக்கிறேன். பூட்டிய வீட்டில் ‘வாடகைக்கு’ அட்டை அடுத்த மாதமும் தொங்கும். அதெல்லாம் மறந்து போகிற விஷயமா? மறக்கவில்லை. ஆனாலும் போட்டேன்.

மறுநாள் மாடி ஏறிப்போய் அந்தம்மாவிடம் சொன்னேன். சொன்ன விதம்தான் இன்னும் குத்துகிறது. “சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல” என்றேன். நான் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன்.

அந்தம்மா அழவில்லை. “பரீட்சை?” என்று மட்டும் கேட்டார். மகளுக்குப் பொதுத்தேர்வு பங்குனியில். வீட்டை மாசியில் விட்டால் வேறு எங்கே போவது, இந்தப் பக்கமே யாரும் வீடு தரமாட்டார்கள் என்றால் ஊருக்குத்தான் போக வேண்டும். ஊருக்குப் போனால் பத்து வருடத்துப் படிப்பும் பரீட்சை எழுதாமலே போய்விடும். அந்தப் பெண் உள்ளே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாப்போம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் பத்திரிகைக்காரர் வழக்கம்போல வந்தார். நாற்காலியில் உட்காராமல் போனை எடுத்து நீட்டினார். சங்கச் செயலாளர் மாதாமாதம் கூட்டச் செய்தியை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்புவது வழக்கம். வந்தவர் பெயர் அத்தனையும் பத்திரிகையில் வர வேண்டும், ஒன்று விட்டாலும் அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆள் வரமாட்டார். இந்த மாதமும் பழக்க தோஷத்தில் மினிட்ஸ் நோட்டை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு தீர்மானம், கீழே பதினேழு கையெழுத்து. அதற்கும் கீழே செயலாளர் டைப் செய்திருந்தார்: “எல்லாப் பெயரும் விடாமல் வரவும்.”

“முதல் பக்கத்துல போடணும்” என்றார். “ரெண்டு தீர்மானத்தையும் பக்கத்துல பக்கத்துல, ஒரே சைஸு கட்டத்துல. கீழ பேரு.”

“எல்லாப் பேருமா?”

“விடாமப் போடச் சொல்லியிருக்காகள்ல?”

நான் டைப் செய்ய ஆரம்பித்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர், டெய்லர், பேன்சி ஸ்டோர், மாவு மில். பத்துப் பெயர் முடிந்ததும் என் விரல் நின்றுவிட்டது.

“அண்ணே, என் பேரும் இருக்கு.”

“பாத்தேன்.”

“நான் ஒரு வேகத்துல போட்டுட்டேன். எங்க மாடியிலயே அவுக இருக்காகண்ணே.”

“அதயும் பாத்தேன்” என்று சொல்லி இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். “புதுசா வந்தவுக” பகுதிக்கு அந்த வாரம் எழுதியது. தலைப்பு மட்டும் “காலி செய்ய வேண்டியவர்கள்” என்று மாறியிருந்தது. இரண்டு நாள் மொபெட்டில் சந்து சந்தாகப் போய் எழுதியிருக்கிறார். எந்த வீடு, எந்த ஊர்க்காரர், எத்தனை வருடமாக இருக்கிறார், என்ன வேலை, பிள்ளை எந்த வகுப்பு. நடுவில் எங்கள் வீடு. “ப்ளெக்ஸ் கடை மாடி. ஆறு வருடம். கணவர் தறி, மனைவி அப்பளக் கம்பெனி. மகள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு எழுத வேண்டும்.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “நீங்க என்னண்ணே, ஒரு வார்த்த இது தப்புன்னு எழுதலாம்ல? தலையங்கம் எழுதுங்க. திட்டுங்க. இப்படி மொட்டையாப் போட்டா என்ன அர்த்தம்?”

“திட்டுனா எனக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருவாக. இதுக்கு யாருக்குப் பதில் சொல்லுவாக? அவுக எழுதுனதுதான?”

“என் பேர மட்டும் விட்டுருங்கண்ணே.” கேட்டுவிட்டேன். இருபது வருடமாக ஊரெல்லாம் என் பெயரைப் போடு போடு என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறது. பெயரை விடச் சொல்லி ஒரு ஆள் கேட்டு அன்றுதான் கேட்டேன், அதுவும் என் வாயிலிருந்தே.

அவர் தாள்களை அடுக்கி மேஜையில் வைத்தார். பிறகு, “கம்ப்யூட்டரு ஒங்கிட்ட இருக்கு. நீ எடுத்தா எனக்குத் தெரியவும் போறதில்ல, கண்ணாடி போட்டாலும் எனக்கு அந்த எழுத்து தெரியாது. நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

போனவர் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. எதிர்த்த கடையில் டீ குடிக்க அரை மணி நேரம் ஆகாது. வேண்டுமென்றே என்னைத் தனியாக விட்டிருந்தார். நான் அந்தப் பெயரை டைப் செய்தேன், எடுத்தேன், திரும்பவும் டைப் செய்தேன். தாய்மாமன் பெயரை விட்டதற்கே ஒரு முகூர்த்தம் தாண்டிப் போனதைப் பார்த்தவள் நான். கடைசியில் பட்டியலை மூன்று தடவை சரிபார்த்து, பதினேழும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டேன். அவர் வந்து எதையும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் என் கடையில் கூட்டம். டெய்லர் முதலில் வந்தார். “தங்கச்சி, என் பேர ஏன் போட்டீங்க?” இந்தக் கேள்வியை என் தொழிலில் நான் கேட்டதே இல்லை. “அண்ணே, நீங்க கையெழுத்துப் போடலையா?” என்றேன். “போட்டேன், அதுக்காக?” என்றார். மாவு மில்காரர் வந்தார். அவர் மில்லில் மூட்டை தூக்குகிறவர் பீகார்க்காரர். காலையில் அந்த ஆள் பத்திரிகையை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். பேன்சி ஸ்டோர் அக்காவுக்கு வாடிப்பட்டியிலிருந்து சம்பந்தி போன். “என்ன, பிள்ளத்தாச்சியவெல்லாம் வீட்டவிட்டு வெரட்டுறீகளாம்ல?” பட்டியலில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். அக்கா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

மதியம் தலைவரே வந்தார். அவர் மகன் புனேயில் வாடகை வீட்டில் இருக்கிறான். அந்த வீட்டுக்காரருக்கு இன்னும் இவன் பெயர் வாயில் நுழையவில்லையாம். பத்திரிகைப் பக்கத்தைப் போனில் பார்த்துவிட்டு அவன் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறான். என்ன பேசினான் என்று தலைவர் சொல்லவில்லை. முகம் சொன்னது. “தங்கச்சி, என்ன இருந்தாலும் பாராட்டு விழா நடத்துற எங்களையே அவரு இப்படிச் செய்யலாமா?” என்றார்.

“தலைவரே, அவரு என்ன செஞ்சாரு? நீங்க அனுப்புனத நீங்க சொன்னாப்ல போட்டாரு. பேரு போட்ட என்னயத் திட்டுங்க. என் பேரும்தான் அதுல இருக்கு.”

“அதுசரி” என்றார்.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பத்திரிகைக்காரரிடம் போய் மறுப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள். “மறுப்புப் போட முடியாது, கையெழுத்து நெசம்தான? புதுசாத் தீர்மானம் போட்டுட்டு வாங்க. அதயும் அதே எடத்துல, அதே சைஸுல போடுறேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே மண்டப மாடியில் அவசரக் கூட்டம். பழைய இரண்டாவது தீர்மானம் ரத்து, யார் யார் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேயே இருக்கலாம். இந்தத் தடவை பத்துப் பேர் போட்டு நோட்டு என் கைக்கு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. முதல் ஆளாக வாங்கிப் போட்டேன். பதினேழு பேர் போட வேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர் போட்டார்கள். முதல் கூட்டத்துக்கு வராத இரண்டு பேர் பத்திரிகையில் பெயர் வரும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். செயலாளர் உடனே போட்டோ எடுத்து அனுப்பினார், கீழே அதே வரியோடு.

அடுத்த ஞாயிறு பாராட்டு விழா நன்றாகவே நடந்தது. ப்ளெக்ஸ் நான்தான் போட்டேன், அவர் முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட எடுக்கவில்லை. சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். இந்த மாதிரி மனிதர்கள் மேடையில் எனக்கு எதற்கு என்று கையை ஆட்டுவார்கள், நாமும் ஆகா என்போம். அவர் அப்படியெல்லாம் செய்யவில்லை. மைக்கைப் பிடித்து, “ரொம்ப சந்தோசம். எனக்கு இந்தச் சால்வைக்கு ரொம்ப நாளா ஆச. கேட்டாக் குடுப்பீகளோ மாட்டீகளோன்னு கேக்கல” என்றார். சிரிப்பு அடங்கியதும், “எங்க ஆளுக குஜராத்துப் பக்கத்துல இருந்து தறியத் தூக்கிட்டு இங்க வந்து எம்புட்டோ நூறு வருசமாச்சு. அன்னைக்கு மதுரையில ஒரு நலச் சங்கம் இல்லாமப் போச்சு, பொழைச்சோம்” என்றார். தலைவர்தான் முதலில் கை தட்டினார். நான் இரண்டு கையும் வலிக்கத் தட்டினேன். பின் வரிசையில் எங்கள் மாடி வீட்டுக் குடும்பமும் இருந்தது.

விழா முடிந்து மதியம் வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். போன வாரம் தீர்மானம் ரத்தான செய்தியை என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேனே தவிர, நானாக மேலே போகவில்லை. தட்டில் இனிப்பு வைத்திருந்தார், பாலைத் திரித்துச் செய்த ஏதோ ஒன்று. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அக்கா நமக்காக சண்டை போட்டாங்க. எனக்குத் தெரியும்” என்றார். அவர் கணவரும் தலையை ஆட்டினார். நான் இனிப்பை வாயில் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பெண் படிவரை கூடவே வந்தாள்.

“ஆன்ட்டி, அந்தப் பேப்பர அம்மாவுக்கு நான்தான் வாசிச்சுக் காட்டுனேன்” என்றாள்.

நான் நின்றேன்.

“பத்துப் பேரு வாசிச்சுட்டு பன்னெண்டாவதுக்குப் போயிட்டேன்.”

என்னால் முகத்தைத் தூக்க முடியவில்லை. “ஏம்மா?” என்றேன். என்மேல் இருக்கிற பிரியத்தில் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா இங்க இருக்கவே மாட்டாங்க, அன்னைக்கே கெளம்பியிருப்பாங்க. எனக்குப் பரீட்சை வரைக்கும் வீடு வேணும்ல” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பதினைந்து வயதுப் பெண் பத்து நாளாக அந்த ஒரு பெயரைத் தனியாகச் சுமந்துகொண்டு, மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறாள். நானோ அவள் வீட்டுக் கதவைத் தட்டப் பயந்து, படியில் அவள் சத்தம் கேட்டாலே கடைக்குள் போய்விடுவேன்.

“அந்தப் பேப்பர் இருக்கா?” என்றேன்.

“கணக்கு நோட்டுக்குள்ள.”

“எடுத்துட்டு வா. பரீட்சை வரைக்கும் இல்ல, நீங்களா வேணாம்னு சொல்ற வரைக்கும் இந்த வீடு ஒங்களுக்குத்தான். எழுதி வேணும்னாலும் தாரேன்.”

அவள் போய் எடுத்து வந்தாள். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அவளுக்கு முன்னால் நான் மாடி ஏறினேன். அந்தம்மா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக நானே வாசித்தேன், பதினோராவது பெயரையும் விடாமல்.